விதை நடந்த பாதை – 14: உறைபனியை முந்திய கதிர்

மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் தியோசின்டே என்ற காட்டுப்புல் மக்காச்சோளமாக மாறத் தொடங்கிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தப் பயிர் வடக்கே எப்படிப் போனது?

சுலபமாகப் போகவில்லை. தியோசின்டே, பகல் குறுகினால்தான் பூக்கும். சொந்த மண்ணில் அது சரிப்பட்டது. மழைக்காலம் முடியும்போது பகலும் குறையும், செடி கதிர் பிடிக்கும். வடக்கிலோ கோடையின் பகல் மிக நீளம். பகல் குறையட்டும் என்று செடி காத்திருந்தால், மணி முற்றுவதற்குள் உறைபனி கொட்டிவிடும்.

சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்பே மக்காச்சோளம் இன்றைய அரிசோனா, நியூ மெக்சிகோ பகுதிகளை எட்டிவிட்டது. அரிசோனாவின் டூசான் அருகே வாய்க்கால் வெட்டிப் பாசனம் செய்திருக்கிறார்கள். ஆனால், குளிர்ந்த மேட்டுநிலத்தில் அது நிலைபெற இன்னும் 2,000 ஆண்டுகள் பிடித்தன.

அந்த இடைவெளியில் நடந்தது விதைத் தேர்வு. பனிக்கு முன் முற்றிய கதிர் மட்டுமே மறுவருட விதைக்கு மிஞ்சியது. மக்காச்சோளம் அயல் மகரந்தத்தில் காய்ப்பதால் ஒரே கதிரின் மணிகளும் குணத்தில் வேறுபடும். பொறுக்கி எடுக்கப் பஞ்சமே இல்லை. யூட்டாவின் டர்க்கி பென் பாறைக்குகையில் கிடைத்த, சுமார் 1,900 ஆண்டு பழைய கதிர்த்தண்டுகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். குட்டையான, கிளைத்த செடிகள் அவை; முந்திப் பூக்கும் குணம் அவற்றில் ஏற்கெனவே படிந்திருந்தது.

குளிரைப் போலவே வறட்சிக்கும் வழி கண்டார்கள். அரிசோனாவின் ஹோப்பி மக்கள், அடிமண்ணில் ஈரம் இருக்கும் இடம்வரை குச்சியால் குழி போட்டு, ஓர் அடி ஆழத்தில்கூட விதை ஊன்றுவார்கள். சாதாரண ரகம் அங்கிருந்து மேலே வராது. அவர்களுடைய ரகத்தின் முளைத்தண்டு நீண்டு, மணலைத் துளைத்து எழும்.

பயிர் இன்னும் வடக்கேயும் ஏறியது. 1535-இல் பிரெஞ்சு மாலுமி ஜாக் கார்ட்டியே, இன்றைய மாண்ட்ரியல் இருக்கும் இடத்தில் மக்காச்சோள வயல்களைக் கண்டார். கியூபெக்கின் பழைய ரகமான காஸ்பே ஃபிளின்ட் ஏறத்தாழ 60 நாளில் முற்றிவிடும். வெப்பமண்டலப் பயிர் ஒன்றைக் கனடாவின் குறுங்கோடைக்குப் பழக்கிவிட்டார்கள் எழுத்தறியாத பூர்வகுடி விவசாயிகள்.

இன்று அமெரிக்காவின் நடுமேற்கு வயல்களை நிறைக்கும் ரகங்கள், 19-ஆம் நூற்றாண்டில் வடக்கின் ஃபிளின்ட் ரகமும் தெற்கின் டென்ட் ரகமும் கலந்ததன் வாரிசுகள். இரண்டுமே பூர்வகுடிகள் வளர்த்தெடுத்தவை. நிலத்தை அவர்களிடமிருந்து பறித்தவர்கள், இந்த விதையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள்.

(தொடரும்)