உலாவிக்குள் தனி அறைகள்

அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், 1961-ஆம் ஆண்டு நவம்பரில், ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ குழுவினர் ஒரு புதுமையைச் செய்து காட்டினர். ஒரே கணிப்பொறி தன் நேரத்தைச் சிறு துண்டுகளாக்கி, பலருக்கும் மாறி மாறி வேலை செய்தது. இதுவே காலப் பகிர்வு முறை. பயனர் ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்பகமும் கடவுச்சொல்லும் பின்னர் அமைந்தன.

1960-களின் நடுவில் ஒரு நாள் அங்கே விபரீதம் நேர்ந்தது. கணிப்பொறியில் நுழைந்தவர்களுக்கு அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக, எல்லோருடைய கடவுச்சொற்களும் வரிசையாக அச்சாகி வந்தன!

காரணம் என்ன? திருத்தும் நிரல், எதையும் முதலில் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதும். அக்கோப்புக்கு எப்போதும் ஒரே பெயர்தான். ஒரு கோப்பகத்தில் ஒரு நேரத்தில் ஒருவரே வேலை செய்வார் என்று நிரலை எழுதியவர்கள் எண்ணிவிட்டனர். நிர்வாகிகள் இருவரோ ஒரே கோப்பகத்தில் ஒரே நேரத்தில் அமர்ந்தனர். ஒருவர் அறிவிப்பைத் திருத்தினார். மற்றவர் கடவுச்சொல் பட்டியலைத் திருத்தினார். இரண்டும் இடம் மாறிவிட்டன. தனித்தனியே பார்த்தால் இருவர் செய்ததும் சரியே. பொது இடத்தில் சந்தித்ததுதான் வினையாயிற்று.

இதே வினை இன்று பிரௌசர் எனப்படும் உலாவியிலும் நேர்கிறது. உலாவிக்குப் புதிய திறமை தரும் சிறு நிரல்களை நீட்சிகள் என்கிறோம். 2004 நவம்பரில் வெளிவந்த ஃபயர்ஃபாக்ஸ் 1.0 இவற்றைப் பரவலாக்கியது. குரோம் உலாவியில் இவை 2010-இல் வந்தன. இரண்டு நீட்சிகள் ஒரே பக்கத்தையோ ஒரே விசையையோ கைப்பற்ற முயன்றால் மோதல்தான்.

என் மாணவி ஒருத்தி ஆய்வேட்டைத் தட்டச்சு செய்தபோது எழுத்துகள் இரட்டித்தும் சிதைந்தும் வந்தன. தமிழ்த் தட்டச்சு நீட்சி ஒன்று, பிழை திருத்தும் நீட்சி மற்றொன்று. விசையை அழுத்தியதும் இரண்டும் பாய்ந்தன! ஏடு ஒப்படைக்க ஒரு நாளே இருந்தது. புதிய புரொஃபைல் ஒன்றைத் திறந்து, தட்டச்சு நீட்சியை மட்டும் சேர்த்தோம். எழுத்துகள் சீராக வந்தன.

புரொஃபைல் என்பது என்ன? உலாவிக்குள் ஒரு தனி அறை எனலாம். அதன் நீட்சிகள், பார்த்த பக்கங்களின் வரலாறு, குறித்து வைத்த முகவரிகள், குக்கிகள் எல்லாம் கணிப்பொறியின் வட்டில் தனிக் கோப்பகத்தில் இருக்கும். ஓர் அறையின் நீட்சி மற்றோர் அறையின் பக்கத்தைத் தொடாது. 1997-இல் வந்த நெட்ஸ்கேப் கம்யூனிகேட்டரிலேயே இவ்வசதி உண்டு. குரோமில் 2011-இல் வந்தது. ஒரு கணிப்பொறியைப் பலர் பகிரும்போது உதவவே இது பிறந்தது. இன்றோ ஒருவரே தம் வேலைகளைப் பிரித்து வைக்கவும் இதைப் பயன்படுத்துகிறார்.

ஓர் எச்சரிக்கை: இந்த அறைகளுக்குப் பூட்டு இல்லை. அதே கணிப்பொறியில் அதே கணக்கில் அமர்பவர் எந்த அறையையும் திறக்கலாம். இது மோதலைத் தவிர்க்கும் தடுப்புச்சுவரே அன்றி, இரகசியம் காக்கும் பெட்டகம் அன்று.

உங்கள் உலாவி தகராறு செய்தால் நீங்களே ஒரு சோதனை செய்யலாம். புதிய புரொஃபைலைத் திறந்து, நீட்சிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். எதைச் சேர்த்ததும் தொல்லை திரும்புகிறதோ, அதுவே தொல்லைக்குக் காரணம், அல்லது அது முன்னே சேர்த்தவற்றுள் ஒன்றோடு மோதுகிறது என்று அறியலாம். மாறிகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதுதானே ஆய்வகத்தில் நாம் கற்கும் முதற்பாடம்!