எண்ணப்படும் அடியும் எண்ணப்படாத அடியும்

தியானப் பகுதி: உபாகமம் 25:1–3, அப்போஸ்தலர் 22:24–29



திருடியதாகச் சொல்லி ஒருவனைக் காவலர் பிடித்துச் சென்றார்கள் என்று கேட்டவுடனே, "நன்றாக நாலு போடட்டும், உண்மை தானாக வெளியே வரும்" என்று சொல்லுகிறவர்கள் நம் சபைகளிலும் உண்டு. குற்றத்திற்குத் தண்டனை வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். ஆனால் அவர்கள் விரும்புவது தண்டனைதானா?

நம் சென்னை மாகாணத்தின் சரித்திரம் இதற்கு ஒரு சாட்சியை வைத்திருக்கிறது. நிலவரி வசூலிப்பதற்காகக் குடிமக்கள் வதைக்கப்படுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு 1854-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் எழுந்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவர் அடங்கிய விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. சில மாதங்களுக்குள் நேரிலும் கடிதம் மூலமாகவும் 1,959 முறையீடுகள் வந்து குவிந்தன. 1855-இல் வெளியான அறிக்கை, வதை நடந்தது உண்மையே என்று ஒப்புக்கொண்டது. விரல்களை இரு மரத்துண்டுகளுக்கிடையே வைத்து நெரிப்பது 'கிட்டி'. கழுத்தையும் கால்விரல்களையும் கயிற்றால் பிணைத்துக் குனிந்த நிலையிலேயே நிறுத்திவைப்பது 'அண்ணாந்தாள்'. வரி பாக்கிக்கும் இவையே. திருட்டு விசாரணைக்கும் இவையே.

வரி செலுத்தாதவனின் பொருளை ஜப்தி செய்யச் சட்டத்தில் இடம் இருந்தது. ஜப்திக்கு ஓர் அளவு உண்டு. பாக்கித் தொகை தீர்ந்தால் அதுவும் தீர்ந்துவிடும். கிட்டிக்கு எது அளவு? கையை நெரிக்கிறவன் கேட்டதை நெரிக்கப்படுகிறவன் கொடுக்கும்வரை, அல்லது சொல்லும்வரை. அந்நாளில் தாசில்தாரே வரி வசூலுக்கும் காவலுக்கும் தலைவராக இருந்தார். கேட்கிறவனும் அடிக்கிறவனும் ஒருவனே. நடுவில் நியாயாதிபதி இல்லை.

இப்பொழுது உபாகமத்தைத் திறந்து பாருங்கள். அடி என்னும் தண்டனையை மோசேயின் நியாயப்பிரமாணம் அனுமதிக்கிறது. ஆனால் அதைச் சுற்றி நான்கு வேலிகளைப் போடுகிறது. முதலில் வழக்கு விசாரிக்கப்பட்டுத் தீர்ப்பு உண்டாகவேண்டும். நியாயாதிபதியின் கண்முன்னே அடி விழவேண்டும். குற்றத்திற்குத் தக்கதாக அது எண்ணப்படவேண்டும். நாற்பதைத் தாண்டக்கூடாது. இதற்குச் சொல்லப்படும் காரணத்தைக் கவனியுங்கள்: அடிபடுகிறவன் உன் சகோதரன், அவன் உன் பார்வையில் இழிவானவனாகிவிடக்கூடாது. குற்றவாளி என்று தீர்க்கப்பட்ட பின்பும் வேதம் அவனைச் சகோதரன் என்றே அழைக்கிறது. பிற்கால யூதப் போதகர்கள் இந்த எல்லைக்குப் பயந்து, எண்ணிக்கையை முப்பத்தொன்பதோடு நிறுத்தினார்கள்.

அப்போஸ்தலனாகிய பவுல் அந்த முப்பத்தொன்பது அடிகளை ஐந்து முறை பெற்றார். அவை அநியாயமான தீர்ப்புகளே. ஆயினும் அவற்றிற்கு ஓர் எண் இருந்தது. எருசலேமின் கோட்டையில் நடந்ததோ வேறு. ஜனங்கள் ஏன் கூச்சலிடுகிறார்கள் என்பதை அறியும்பொருட்டு, அவரைச் சவுக்கால் அடித்து விசாரிக்கும்படி சேனாபதி கட்டளையிட்டான். அங்கே குற்றச்சாட்டு இல்லை, தீர்ப்பு இல்லை, எண்ணிக்கையும் இல்லை. வாரினால் கட்டப்பட்ட நிலையில், நியாயம் விசாரிக்கப்படாத ரோமனை அடிக்கலாமா என்று பவுல் கேட்டார். அந்தக் கேள்வியால் சேனாபதியே பயந்தான். ரோமக் குடியுரிமை இல்லாத ஒரு ஏழை அந்த இடத்தில் இருந்திருந்தால், அவனுக்காக யார் கேட்டிருப்பார்?

பிரியமானவர்களே, தண்டனை நடந்துமுடிந்த செயலை நோக்கித் திரும்பிப் பார்க்கிறது. தீர்ப்புக்குப் பின்னால் வருகிறது. தன் முடிவை முன்பே அறிந்திருக்கிறது. வதை தீர்ப்புக்கு முந்துகிறது. ஒரு மனிதனின் சித்தத்தை முறிப்பதே அதற்கு முடிவு. வேதனை நிறுத்தப்படுவதற்காக அவன் எதையும் சொல்லுவான். ஆகையால் அது உண்மையைக் கண்டறியும் வழியும் அல்ல. 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், காவல் அதிகாரியிடம் அளிக்கப்படும் குற்ற ஒப்புதலை எதிரிக்கு விரோதமாக நிரூபிக்கக்கூடாது என்று விலக்கியது. இந்த விதி இன்றும் நம் நாட்டின் சட்டத்தில் தொடர்கிறது. ஆனால் சட்டம் விலக்கியதை நம் மனம் இன்னும் விலக்கவில்லை.

நம் ஆண்டவரைச் சற்றே நோக்குங்கள். பிலாத்து அவரிடத்தில் குற்றம் ஒன்றும் காணவில்லை என்று அறிவித்துவிட்டு, அதே மூச்சில் அவரைத் தண்டித்து விடுதலையாக்குவேன் என்றான். குற்றமில்லாதவருக்கு என்ன தண்டனை? கூட்டத்தைத் திருப்திப்படுத்துவதற்கான அடியைத் தண்டனை என்ற பெயரால் அழைத்தான். அவன் அப்படிச் செய்யத் துணிந்தது அந்தக் கூட்டத்தின் சத்தத்தினால் அல்லவா?

ஆகையால் இந்த வாரத்தில் உங்களை நீங்களே கேட்டுப்பாருங்கள். பூட்டிய அறையில் ஒருவன் அடிக்கப்படும்போது என் சத்தம் எந்தப் பக்கம் இருக்கிறது? காவல்துறையில் பணிபுரியும் நம் விசுவாசிகளுக்காகவும், காவலில் வைக்கப்பட்டிருப்பவர்களுக்காகவும் ஒரே ஜெபத்தில் மன்றாடுங்கள். இருவரும் ஒருவருக்கொருவர் சகோதரர் என்பதைக் கர்த்தர் மறக்கவில்லை.

ஜெபம்: வாரினால் அடிக்கப்பட்ட எங்கள் ஆண்டவரே, நீதியை விரும்பும் இருதயத்தை எங்களுக்குத் தாரும். பிறனுடைய வேதனையில் திருப்தி காணும் மனதை எங்களைவிட்டு அகற்றும். ஆமென்.