பாலும் பிசினும்

பருத்தித் துணியில் வரைந்த கோடு தானாக நிற்காது. நூலுக்கும் நூலுக்கும் இடையிலுள்ள நுண்ணிய சந்துகளில் ஈரம் ஊர்ந்து போகும். கூடவே சாயமும் போகும். கறுப்புக் கோட்டை ஒட்டிச் சிவப்பு வைத்தால் இரண்டும் கலங்கி, இலை எது, இதழ் எது என்று தெரியாமல் போய்விடும். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து உலகெங்கும் போன சீட்டித் துணிகள் பெயர் வாங்கியதற்கு நிறத்தின் அழகு ஒரு காரணம். எத்தனை முறை துவைத்தாலும் சாயம் வெளுக்காமலும் கோடு கலையாமலும் இருந்தது அதைவிடப் பெரிய காரணம்.

இந்த வாணிபத்துக்குக் காரைக்கால் பிந்தி வந்த துறைமுகம். டேனியர்கள் 1620-இலேயே தரங்கம்பாடியில் கோட்டை கட்டிவிட்டார்கள். நாகப்பட்டினம் 1658-இல் டச்சுக்காரர் கைக்குப் போனது. இரண்டுக்கும் நடுவே, அரசலாறு கடலில் கலக்கும் இடத்தில் பிரெஞ்சுக்காரர்கள் 1739-இல்தான் காலூன்றினார்கள். தஞ்சை மராட்டிய அரசுக்கு உட்பட்டிருந்த அந்த நிலத்திலிருந்து பாண்டிச்சேரிக்கு நெல் வேண்டியிருந்தது. கப்பலுக்குத் துணி வேண்டியிருந்தது.

அப்போது பிரான்சில் சீட்டித் துணிக்குத் தடை இருந்தது. உள்நாட்டுப் பட்டு, கம்பளி நெசவைக் காக்க 1686-இல் போட்ட தடை அது. துணி கள்ளத்தனமாக வந்துகொண்டே இருந்தது. செய்முறை மட்டும் வரவில்லை. அதை எழுதியனுப்பியவர்களில் இருவர் முக்கியமானவர்கள். பொலியே என்ற கடற்படை அதிகாரி 1730-களில் பாண்டிச்சேரியில் ஒரு துணி எழுதப்படுவதை உடனிருந்து பார்த்தார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொண்டார். அந்தத் துண்டுகள் இன்றும் பாரிஸில் அவருடைய கையெழுத்துப் பிரதியோடு இருக்கின்றன. மற்றவர் கேர்தூ என்ற ஏசு சபைப் பாதிரியார். கிறிஸ்தவரான சாயக்காரர்களிடம் கேட்டறிந்ததை 1742-இல் நீண்ட கடிதமாக எழுதினார். கடுக்காய், சாயவேர் ஆகிய தமிழ்ச் சொற்கள் அந்தப் பிரெஞ்சுக் கடிதத்தில் அப்படியே வருகின்றன. தங்கள் பெயர் எங்கும் பதிவாகாத அந்தத் தொழிலாளிகளின் அறிவே அந்தக் கடிதத்தின் முழுச் சரக்கும்.

வேலை வரைவதில் தொடங்கவில்லை, துணியைத் தயார் செய்வதில் தொடங்கியது. கஞ்சி போகத் துவைத்த துணியை, அரைத்த கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் முக்கிப் பிசைந்து, பிழிந்து, வெயிலில் உலர்த்தினார்கள். பிறகு மடித்துக் கட்டையால் அடித்து வழவழப்பாக்கினார்கள். கடுக்காயில் துவர்ப்புச் சத்து மிகுதி. அது இழையில் ஊறி, பின்னால் வரும் உலோக உப்பைப் பிடித்துக்கொள்ளும். பாலின் கொழுப்பு நூலிடைச் சந்துகளை அடைத்து ஈரம் ஓடுவதைத் தடுக்கும். எருமைப்பாலைத் தேடியதற்குக் காரணம் அதன் கொழுப்புதான். பால் குறைந்தால் கோடு பரவும்.

அடுத்தது வரைதல். ஓவியத்தைத் தாளில் வரைந்து, கோடு நெடுகக் குத்தூசியால் துளையிட்டு, துணிமேல் விரித்துக் கரித்தூளைத் தட்டினால் புள்ளி புள்ளியாகப் படம் இறங்கும். அதன்மேல் ‘கலம்’ என்ற மூங்கில் எழுதுகோல் ஓடும். முனைக்குச் சற்று மேலே சுற்றிய நூலும் மயிரும் மையை உறிஞ்சி வைத்திருக்கும். விரலால் அழுத்தினால் வேண்டிய அளவு மட்டும் இறங்கும். பழைய இரும்புத் துண்டுகளைப் புளித்த கஞ்சியிலோ பனைவெல்ல நீரிலோ ஊறவைத்து எடுத்த சாறுதான் மை. துணியில் பட்டதும் இரும்பு கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்து அங்கேயே கறுப்பாகிவிடும். அந்தக் கறுப்பு நீரில் கரையாது. அதன்மேல் எத்தனை ஈரம் பட்டாலும் கோடு அசையாததன் இரகசியம் இதுதான்.

சிவப்பின் வழி வேறு. சிவப்பு வர வேண்டிய இடத்தில் பூசியது படிகாரக் கரைசலை. படிகாரம் நிறமற்றது என்பதால், பூசிய இடம் கண்ணுக்குத் தெரியப் பதங்கக் கட்டைச் சாயத்தைச் சிறிது கலந்துகொண்டார்கள். பிறகு ஓடும் நீரில் அலசுவார்கள். தேங்கிய நீரில் அலசினால் மிஞ்சிய படிகாரம் பிரிந்து வெள்ளைப் பகுதியில் படிந்து, அங்கும் சிவப்பு ஏறிவிடும். ஓடும் நீர் அதை இழுத்துக்கொண்டு போய்விடும். ஆற்றுக்கால்கள் நிறைந்த காவிரிக் கழிமுகத்தில் அதற்குக் குறைவில்லை. கடைசியில் கடலோர மணலில் வளரும் சாயவேரோடு துணியைக் கொதிக்க வைக்கும்போது, படிகாரம் பிடித்த இடம் மட்டும் சிவக்கும்.

நீலத்துக்கு இந்த முறை எதுவும் உதவாது. அவுரிச் சாயம் தொட்டியில் முக்கி ஏற்றுவது. கலத்துக்கு எளிதில் அடங்காது. அதனால் நீலம் வேண்டாத இடம் முழுவதையும் உருக்கிய தேன்மெழுகால் மூடினார்கள்.

பிரான்ஸ் 1759-இல் தடையை நீக்கியது. மறு ஆண்டே ஓபர்கம்ப் என்பவர் வெர்சாய்க்கு அருகே ழூயி என்ற ஊரில் அச்சுப் பட்டறையைத் தொடங்கினார். அங்கு கலம் இல்லை, மரஅச்சுதான். அச்சில் தண்ணீர் போன்ற கரைசல் நிற்காது, வழிந்துவிடும். ஐரோப்பியர்கள் துணியை விட்டுவிட்டுக் கரைசலைக் கவனித்தார்கள்: படிகாரத்திலும் இரும்புச் சாற்றிலும் பிசின் கலந்து கெட்டியாக்கினார்கள். அதற்கு ஏற்ற பிசின் மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் ஆற்றின் கரைகளில், ஒருவகை வேல மரத்திலிருந்து கிடைத்தது.

அந்தப் பிசினுக்கு அங்கிருந்த வணிகர்கள் கேட்ட விலை நீலத் துணி. பாண்டிச்சேரிப் பகுதியில் அவுரியில் தோய்த்த, ‘கினே’ எனப்பட்ட துணிக்கு அங்கே இருந்த மதிப்பு நாணயத்துக்குச் சமம். இத்தனை பிசினுக்கு இத்தனை துணி என்றே பேரம் நடந்தது. போர்களில் ஆங்கிலேயரிடம் போயிருந்த பாண்டிச்சேரி, காரைக்கால், செனகல் மூன்றும் 1816-17-இல் பிரான்சுக்குத் திரும்பின. இந்த வாணிபம் 19-ஆம் நூற்றாண்டில் மீண்டும் செழித்தது. ஐரோப்பிய அச்சுத்துணியில் சாயம் பரவாமல் காத்த பிசினுக்குச் சோழமண்டலக் கரையின் சாயத்துணியே விலையாகப் போனது. ஆனால் அந்த அச்சுத்துணி வளர வளர இந்தக் கரையின் எழுத்துத் துணிக்குச் சந்தை சுருங்கியது. இந்தப் பரிமாற்றத்தில் கழிமுகத்துக் கைவினைக்கு நேர்ந்த நட்டத்தை வரலாறு போதிய அளவு பேசவில்லை.

உள்நாட்டில் அரண்மனையும் கோயிலும் தொழிலைத் தாங்கின. கொள்ளிடத்துக்கு வடக்கே கோடாலிக்கருப்பூரில், பொன்சரிகை இழையோடு நெய்த துணியில் மெழுகு எழுதிச் சாயமேற்றிய சேலைகள் தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காகவே உருவாயின. சரிகையில் சாயம் ஏறாததால் செம்மைக்கு நடுவே பொன் மின்னும். 1855-இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்து அரசு முடிந்தபின் அந்தச் சேலைகளும் நாளடைவில் நின்றுபோயின. திருப்பனந்தாளை அடுத்த சிக்கல்நாயக்கன்பேட்டையில் மட்டும் தேர்ச்சீலை, தொம்பை, விதானம் என்று கோயில் துணிகள் தொடர்ந்தன. கலத்தால் எழுதும் இந்தக் கருப்பூர்க் கலம்காரிக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

பால் முக்கும் வழக்கம் ஆந்திரத்துக் காளத்தியில் இன்றும் காணக்கூடியது. அங்கே கடுக்காய்ப் பாலில் ஒருமுறை முக்கி வரைவதோடு வேலை நிற்பதில்லை. சிவப்பு ஏற்றி வெளுத்த துணியில் முதல் பாலின் பிடிப்பு போயிருக்கும். அதனால் மஞ்சளும் மற்ற நிறங்களும் தீட்டுமுன் துணியை மறுபடியும் பாலில் நனைத்து உலர்த்துகிறார்கள்.