கீறல் விழுந்த பாறை

கும்பகோணத்துக்குக் கல் எப்போதுமே வெளியூர்ச் சரக்குதான். நாகேஸ்வரன் கோயிலும் தாராசுரமும் கருங்கல்லில் நிற்கின்றன; ஆனால் ஊருக்குள் எங்கே தோண்டினாலும் வண்டலும் மணலும்தான் வரும். பாறையைப் பார்க்க அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டி, ஜெயங்கொண்டம் வழியாக அரியலூர்ப் பக்கம் போகவேண்டும். அங்கே சிமெண்டு ஆலைகளுக்காக வெட்டிய சுண்ணாம்புக்கல் குழிகளில் பழைய கடலின் சிப்பிகள் கல்லாகிக் கிடக்கும். அந்தப் பாறைகளை அடுக்கு அடுக்காகப் பிரித்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாக்கி 1862ல் அறிக்கை தந்தவர் ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்டு. அந்தப் பகுப்புதான் இன்றைக்கும் பாடத்தில் இருக்கிறது. இங்கே வருவதற்கு முன்னால், இதைவிட விசித்திரமான ஒன்றை அவர் வேறிடத்தில் பார்த்திருந்தார். பனிக்கு அடியில் ஓடும் தண்ணீரின் கதையில் நம் நாட்டுப் பங்கு அங்கேதான் பிறக்கிறது.

1855ல் ஹென்றிக்கு 21 வயது, அண்ணன் வில்லியமுக்கு 23. இருவரும் கல்கத்தாவில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார்கள். துறைத் தலைவர் தாமஸ் ஓல்டாம் அவர்களை ஒடிசாவின் தால்சீருக்கு அனுப்பினார். வேலை நிலக்கரி தேடுவது. நிலக்கரி இருந்தது. ஆனால் அதற்கும் கீழே, எல்லாவற்றுக்கும் அடியில், ஒரு குழப்பமான படுகை. மாவு போன்ற நுண்ணிய களி இறுகிப் பாறையாகியிருக்கிறது. அதற்குள்ளேயே பெரிய பெரிய பாறாங்கற்கள் புதைந்து கிடக்கின்றன. ஓடும் நீர் இப்படிச் செய்யாது. அது சரக்கைத் தரம் பிரித்துத்தான் இறக்கும். பாறாங்கல்லை உருட்டுகிற வேகத்தில் களி படியாது, களி படிகிற வேகத்தில் கூழாங்கல்கூட நகராது. டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கல்லையும் களியையும் சேர்த்துச் சுமந்துவந்து ஒரே இடத்தில் போடக்கூடியது பனிக்கட்டி ஒன்றுதான் என்று 1856ல் சகோதரர்களும் உடன் வேலை செய்த வில்லியம் தியோபால்டும் எழுதினார்கள். துணிச்சலான முடிவு. ஐரோப்பாவே ஒரு காலத்தில் பனியில் புதைந்திருந்தது என்று லூயி அகாசி சொல்லி இருபது வருடம்கூட ஆகவில்லை. இங்கிலாந்திலேயே பலர் அதை நம்பவில்லை. இவர்களோ வெயில் கொளுத்தும் ஒடிசாவில் பனி என்கிறார்கள். அதனால்தானோ என்னவோ, பெரிய பனியாறு என்று சொல்லாமல், நீரில் உறைந்த பனிக்கட்டி கற்களைக் கவ்வி வந்திருக்கலாம் என்று அடக்கமாக நிறுத்திக்கொண்டார்கள்.

சாட்சி 1872ல் கிடைத்தது. இன்றைய மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் அருகே, பேன்கங்கை ஆற்றில் இராய் என்ற இடத்தில், அதே துறையின் பிரான்சிஸ் ஃபெட்டன் ஒரு சுண்ணாம்புப் பாறைத் தளத்தைக் கண்டார். மேலே அதே தால்சீர்ப் படுகை. அதற்கடியில் பாறை வழவழவென்று தேய்ந்திருக்கிறது; அதன்மேல் ஒன்றுக்கொன்று இணையாக நீண்ட கீறல்கள். அடியில் கற்கள் பதிந்த கனத்த ஏதோ ஒன்று அந்தத் தளத்தின்மேல் இழுபட்டுப் போயிருக்கிறது.

இந்தக் கீறல்களில்தான் விஷயம் இருக்கிறது. ஃபெட்டனுக்கு அவை பனியின் தடயம். இன்றைய ஆய்வாளருக்கு அவை தண்ணீரின் தடயமும்கூட. கடுங்குளிரில் பனிப்பாளம் தரையோடு உறைந்து ஒட்டிக்கொண்டால், அது தனக்குள்ளேயே நெகிழ்ந்து மெல்ல நகரும். தரையைத் தேய்ப்பது சொற்பம். பாறையில் இப்படிக் கீறல் விழவேண்டுமென்றால் அடிப்பாகம் வழுக்கிப் போகவேண்டும். அப்படி வழுக்க, அடியில் நீர்ப்பசை இருந்தாக வேண்டும்.

பனிக்கடியில் நீர் எப்படி வரும்? பூமியின் உட்சூடு கீழிருந்து ஏறுகிறது, கிலோமீட்டர்க் கணக்கான பனி அதை வெளியே விடாமல் பொத்திவைக்கிறது, உராய்வும் சூடாக்குகிறது, மேலிருக்கும் எடை உருகுநிலையைக் கொஞ்சம் இறக்குகிறது. அண்டார்டிகாவின் வோஸ்தோக் நிலையத்தில் 1983 ஜூலையில் மைனஸ் 89.2 டிகிரி பதிவானது. அதே இடத்தில் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் ஆழத்தில், சுமார் 250 கிலோமீட்டர் நீளமுள்ள ஏரி உறையாமல் கிடக்கிறது.

வெப்ப நாட்டில் பனி எப்படி வந்தது என்ற கேள்விக்குப் பதில் வர இன்னும் நாளாயிற்று. நிலம்தான் நகர்ந்தது என்று ஆல்பிரெட் வேகனர் 1915ல் புத்தகம் போட்டபோது, இந்தியா, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா ஆகியவற்றின் இந்தப் பனிப்படுகைகள் அவருக்குப் பெரிய ஆதாரம். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் கிழக்குக் கரை அண்டார்டிகாவை ஒட்டிக் கிடந்தது. இரண்டும் பிரிந்தபோது விழுந்த பள்ளங்களில் ஒன்றுதான் பின்னாளில் காவிரி வண்டலை வாங்கிக்கொண்டது. எண்ணெய் தேடுகிறவர்களின் வரைபடத்தில் அந்தப் பள்ளத்துக்குள் புதைந்த மேடு ஒன்றுக்குக் கும்பகோணம்–மாதானம் மேடு என்று பெயர். புவியியல் துறையின் முதல் இந்திய இயக்குநரும் தஞ்சை மாவட்டத்து மகாராஜபுரத்துக்காரர்தான்: எம். எஸ். கிருஷ்ணன். ஒரு தலைமுறை மாணவர்கள் தால்சீர்ப் பனியைப் பற்றிப் படித்தது அவர் 1943ல் எழுதிய இந்திய–பர்மியப் புவியியல் நூலில்தான். ஹென்றி பிளான்போர்டும் பனியை விட்டபாடில்லை. 1875ல் தொடங்கிய வானிலைத் துறைக்குத் தலைவராகி, இமயத்தில் பனி அதிகம் விழுந்தால் மழை பொய்க்கும் என்று 1884ல் எழுதினார்.

வழுக்கலுக்குத் திரும்புவோம். பனியாறு ஏன் வழுக்குகிறது என்பது ஆல்ப்ஸ் மலைக்காரர்களின் பழைய கேள்வி. அடியில் உருகும் நீர் உதவுகிறது என்று 18ஆம் நூற்றாண்டிலேயே அறிஞர் சொஸ்யூர் ஊகித்தார். மேட்டில் மோதும் பனி அழுத்தத்தால் உருகி, மறுபக்கம் போய் மீண்டும் உறைகிறது என்று ஆய்வாளர் வீர்ட்மன் 1957ல் கணக்குப் போட்டுக் காட்டினார். 1980களில் அல்முட் ஈக்கென் சுவிஸ் பனியாறு ஒன்றில் துளை போட்டு நீர்மட்டத்தை அளந்தார். நீர் ஏறினால் வேகம் கூடியது.

பெரிய திருப்பம் 1986ல். மேற்கு அண்டார்டிகாவில் இன்று விலன்ஸ் என்று அழைக்கப்படும் பனியோடை, அநேகமாகச் சரிவே இல்லாத தளத்தில் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் ஓடுகிறது. ஒரு கிலோமீட்டர் பனிக்குக் கீழே அதிர்வலை அனுப்பிப் பார்த்தபோது பாறைக்கும் பனிக்கும் நடுவே சில மீட்டர் தடிமனில் நீரூறிய சேறு இருப்பது தெரிந்தது. பிறகு ஆய்வாளர் பார்க்லே காம்ப் சுடுநீரால் துளையிட்டுச் சேற்றையே மேலே எடுத்தார். களியும் கல்லும் கலந்த சேறு, தால்சீரில் இறுகிக் கிடக்கும் சரக்குக்கு உறவு. அதன் நீரழுத்தம், மேலிருந்த பனியின் எடையை அநேகமாக முழுவதும் தாங்கிக்கொண்டிருந்தது.

நடவுக்கு முன் தொளியில் பரம்படிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பலகைமேல் ஆள் ஏறி நிற்கிறார், மாடு இழுக்கிறது. சேற்றில் தண்ணீர் பதமாக இருந்தால் பலகை அந்த எடையோடு வழுக்கிக்கொண்டு போகும். தண்ணீர் சுண்டினால் அதே சேறு பலகையைப் பிடித்துக்கொள்ளும், மாடு திணறும். வடிவாய்க்கால் வெட்டினாலும் அப்படித்தான். எவ்வளவு தண்ணீர் வந்தாலும் ஓடிப்போய்விடும், சேறு இறுகும்.

பனியிலும் வாய்க்கால் உண்டு. 2006 ஜூலையில் கிரீன்லாந்தில் ஐந்தரைச் சதுர கிலோமீட்டர் ஏரி ஒன்று, கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் பனியைப் பிளந்து இரண்டு மணி நேரத்துக்குள் அடியில் இறங்கியது. அக்கம்பக்கத்துப் பனி ஒரு மீட்டருக்கு மேல் தூக்கப்பட்டுச் சட்டென்று விரைந்தது. ஒரு நாளுக்குள் பழைய நடைக்குத் திரும்பியது. உருகுநீர் தொடர்ந்து வந்தால் அடியில் சுரங்க வாய்க்கால்களைக் குடைந்துகொண்டு, அழுத்தம் இறங்கிப் பனி நிதானப்படவும் செய்யும். ஆகவே, உருகுநீர் கூடினால் பனி வேகமாகக் கடலுக்குள் இறங்கிவிடும் என்று நேராகக் கணக்குப் போட முடியாது. திடீர் வெள்ளமா, சீரான வரத்தா என்று பார்க்கவேண்டும்.

விலன்ஸுக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஓடை இருக்கிறது; இப்போது காம்பின் பெயரைத் தாங்கியது. சுமார் 150 ஆண்டுகளுக்கு முன், பிளான்போர்டு தன் பாறைகளைத் தட்டிக்கொண்டிருந்த காலத்தை ஒட்டி, அது நின்றுபோனது. அடிநீர் உறைந்ததோ வேறு பக்கம் திரும்பியதோதான் காரணம் என்கிறார்கள். விலன்ஸும் பல பத்தாண்டுகளாகவே வேகம் குறைந்து வருகிறது.