எமர்ஜென்சியில் வந்த விடுதலை

ஜூன் 25 என்றால் தேசத்துக்கு எமர்ஜென்சி ஞாபகம் வரும். 1975இல் அன்றைக்குத்தான் இந்திரா காந்தி அதைக் கொண்டுவந்தார். சரியாக ஒரு வருஷம் கழித்து, 1976 ஜூன் 25 அன்று, கல்வராயன் மலையை ஜாகிர்தார்களிடமிருந்து அரசு எடுத்துக்கொண்டது. கள்ளக்குறிச்சியில் வக்கீல் தொழில் பார்க்கும் எனக்கு இந்த ஒற்றுமை வெகுநாள் உறுத்தல்.

சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகிர்கள். கிருஷ்ணதேவராயர் காலத்து உரிமை என்பார்கள். மலைச் சனங்களின் உழைப்பும் அந்த உரிமையில் அடக்கம். கூலி கொடுக்காமல் கட்டாய வேலை வாங்கக் கூடாது என்று 1950இலேயே அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு சொல்லிவிட்டது. அது மலையேறவில்லை. வெள்ளிமலைப் பக்கத்துக் கட்சிக்காரர் ஒருவர், எண்பதைத் தாண்டியவர், ஒருநாள் சொன்னார்: “அறுப்புன்னா மொதல்ல அவங்க காடு, அப்புறந்தான் நம்ம காடு. நம்ம சாமை கொட்டிக் கெடந்தாலும் போயித்தான் ஆவணும் வக்கீலய்யா.” கூலி என்ன என்று கேட்டேன். “கூழு ஊத்துவாங்க” என்றார், சிரித்துக்கொண்டே.

இப்படிப்பட்ட உரிமைகளை ஒழிக்க இனாம் ஒழிப்புச் சட்டம் 1963இல் வந்தது. ஜாகிர்தார்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். மலை மேலும் பல வருஷம் காத்திருந்தது. கோர்ட் படி ஏறத் தெரிந்தவர்களுக்குத்தான் அப்போது உரிமை இருந்தது.

அமெரிக்காவிலும் இதே கதை உண்டு. அடிமை முறையை ஒழித்த 13ஆவது திருத்தம் 1865இல் வந்தது. ஆனாலும் முன்பணம் வாங்கிய தொழிலாளி பாதியில் வேலையை விட்டால் அதை மோசடிக் குற்றமாக்கியது அலபாமா. மாதம் 12 டாலர் சம்பளத்துக்கு 15 டாலர் முன்பணம் வாங்கிய கறுப்பினத் தொழிலாளி அலோன்சோ பெய்லி அப்படித்தான் மாட்டினார். அவர் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1911இல் அந்தச் சட்டம் செல்லாமல் போனது. நம் உச்ச நீதிமன்றம் 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டித் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வாங்கும் வேலையும் கட்டாய உழைப்புதான் என்றது. நீதிபதி பகவதி எழுதிய அந்தத் தீர்ப்பை ஜூனியர்களுக்கு இன்றும் படிக்கக் கொடுக்கிறேன்.

1976 கோர்ட் அப்படிக் கைகொடுத்த வருஷமல்ல. ஏப்ரல் 28 அன்று, சிறையில் அடைத்தவரை மீட்க ஆட்கொணர்வு மனுகூடப் போட முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் தீர்ப்பளித்தார்கள். எச்.ஆர். கன்னா மட்டும் மறுத்தார். தமிழ்நாட்டில் சட்டமன்றம் கலைந்து, கவர்னர் ஆட்சி. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் பிப்ரவரியில் வந்திருந்தது. நாட்டின் சுதந்திரம் பூட்டப்பட்டிருந்த நேரத்தில் மலைக்கு விடுதலை. இதை வைத்து எமர்ஜென்சிக்கு நற்சான்று தருபவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. உத்தரவாக வந்ததைச் சனங்கள் சலுகையாகத்தான் வாங்கிக்கொண்டார்கள். பட்டா, ரோடு, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அதற்கப்புறமும் மனு எழுதிக் கைகட்டி நின்றார்கள்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அதன் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியமும் சி. குமரப்பனும் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தாமாகவே வழக்காக எடுத்தார்கள். முதல்வரோ அமைச்சர் உதயநிதியோ நேரில் போய்ப் பார்க்கலாமே என்றும் கேட்டார்கள். சாராயம் கீழே ஓடாதிருந்தால் மேலே யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்?

இப்போது என் மேசையில் இருப்பவை 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்ட மனுக்கள். 2005 டிசம்பர் 13க்கு முன்பே நிலம் கையில் இருந்ததைக் காட்ட வேண்டும். காகிதம் இல்லையென்றால், மனுதாரர் அல்லாத பெரியவர்கள் சொல்வதை எழுதிக் கொடுத்தாலும் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது விதி 13. கூழ்க் கதை சொன்ன பெரியவருக்கு எந்தக் காடு யார் வீட்டுடையது, யார் எப்போது கல் பொறுக்கித் திருத்தினார்கள் என்பதெல்லாம் தலைகீழ்ப் பாடம். அடுத்த மூன்று மனுக்களுக்கு அவர்தான் சாட்சி.