முடங்கிய கிரிப்டோ கணக்குகளும் சொத்துரிமையும்: டோக்கியோ முதல் சென்னை வரை (2014–2025)

முன்னுரை

கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் ஒன்று முடங்கி, கணக்கிலிருந்து எதையும் எடுக்க முடியாமல் போகும்போது வாடிக்கையாளர் கேட்கும் கேள்வி, "என் பணம் எப்போது கிடைக்கும்?" என்பது. நீதிமன்றமோ அதற்கு முன் வேறொரு கேள்வியைத் தீர்க்க வேண்டும். அங்கே இருப்பது அவருடைய சொத்தா, நிறுவனம் அவருக்குத் தர வேண்டிய கடனா? வங்கி லாக்கரில் வைத்த நகையையும் சீட்டு நிறுவனத்தில் கட்டிய பணத்தையும் நினைத்துப் பார்த்தால் வேறுபாடு புரியும். வங்கி நொடித்தாலும் நகை உரியவருக்கே சேரும். சீட்டு நிறுவனம் நொடித்தால், பணம் கட்டியவர் கடன் கொடுத்த மற்றவர்களோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான். கிரிப்டோ வாடிக்கையாளரை இந்த இரண்டில் எந்த இடத்தில் நிறுத்துவது என்பதில் பல நாட்டு நீதிமன்றங்கள் 11 ஆண்டுகளாக எடுத்த நிலைகளை இக்கட்டுரை தொடர்ந்து பார்க்கிறது. பணம் திரும்பிய வேகத்தையும் அளவையும் பெரிதும் தீர்மானித்தது அந்த விடையும், அது எப்போது சொல்லப்பட்டது என்பதும்தான் என்பதே இதன் வாதம்.

டோக்கியோ: கடனாகச் சுருங்கிய பிட்காயின்

டோக்கியோவிலிருந்து இயங்கிய மவுண்ட் காக்ஸ், ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய பிட்காயின் சந்தை. 2014 பிப்ரவரி 7 அன்று அது பிட்காயின் வெளியேற்றத்தை நிறுத்தியது. பிப்ரவரி 28 அன்று நீதிமன்றப் பாதுகாப்பு கோரியது. சுமார் 8,50,000 பிட்காயின் காணாமல் போனதாக அறிவித்தது. அவற்றுள் 7,50,000 வாடிக்கையாளர்களுடையவை. அடுத்த மாதமே பழைய வாலட் ஒன்றில் சுமார் 2,00,000 பிட்காயின் கிடைத்தன. ஏப்ரலில் வழக்கு திவால் நடைமுறைக்கு மாறியது.

வாடிக்கையாளர்களின் நிலையை முடிவு செய்தவை இரண்டு. திவால் சட்டப்படி அவர்களது உரிமை, நடைமுறை தொடங்கிய நாளின் விலையில், ஒரு பிட்காயினுக்கு 50,058.12 யென் என்று பணமாக மாற்றப்பட்டது. அடுத்து, 2015 ஆகஸ்ட் 5 அன்று டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜப்பானிய உரிமையியல் சட்டத்தின் 85ஆம் பிரிவு பருப்பொருளைத்தான் 'பொருள்' என்கிறது. பிட்காயின் பருப்பொருள் அன்று. ஆகவே அதன்மீது உடைமை உரிமை கோரித் தனியே பிரித்துக் கேட்க முடியாது என்றது.

2017 இறுதியில் இந்த நிலையின் அநீதி வெட்ட வெளிச்சமானது. ஒரு பிட்காயினின் விலை 20 லட்சம் யென்னைத் தாண்டியது. மீட்கப்பட்டவற்றில் ஒரு பகுதியை விற்றாலே எல்லாக் கடனும் தீர்ந்துவிடும் நிலை. மிச்சம் பங்குதாரர்களுக்கு, அதாவது எக்ஸ்சேஞ்சை நடத்தி முடக்கியவரின் நிறுவனத்துக்கே, போய்ச் சேரும். இதைத் தடுக்க வாடிக்கையாளர்கள் திரண்டு மனு செய்தனர். 2018 ஜூன் 22 அன்று நீதிமன்றம் திவால் நடைமுறையை நிறுத்தி, மறுசீரமைப்பு நடைமுறையைத் தொடங்கியது. பிட்காயினை பிட்காயினாகவே திருப்பித் தர அதுதான் வழி திறந்தது. திட்டம் உறுதியானது 2021 நவம்பரில். நாணயங்கள் கைக்கு வரத் தொடங்கியது 2024 ஜூலையில். முடங்கிய நாளிலிருந்து பத்து ஆண்டுகள் கழிந்திருந்தன.

கிறைஸ்ட்சர்ச்: சொத்து என்ற விடை

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இயங்கிய கிரிப்டோபியா என்ற எக்ஸ்சேஞ்ச், 2019 ஜனவரியில் திருட்டுக்கு இரையாகி, மே மாதம் கலைப்புக்கு வந்தது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகள் அதில் இருந்தன. எஞ்சிய நாணயங்கள் யாருக்கு உரியவை என்று கலைப்பாளர்களே உயர் நீதிமன்றத்தைக் கேட்டனர். 2020 ஏப்ரல் 8 அன்று நீதிபதி ஜெண்டால் விடையளித்தார். 1965ஆம் ஆண்டின் ஆங்கிலேய வழக்கு ஒன்றில் வில்பர்போர்ஸ் பிரபு வகுத்த நான்கு அளவுகோல்களை அவர் பயன்படுத்தினார். பொருளை வரையறுக்க முடிய வேண்டும். பிறரால் அடையாளம் காண முடிய வேண்டும். பிறருக்குக் கைமாற வேண்டும். ஓரளவு நிலைத்திருக்க வேண்டும். கிரிப்டோ நாணயம் நான்குக்கும் பொருந்துகிறது. எனவே அது சொத்து என்றார். ஒவ்வொரு வகை நாணயத்தையும் நிறுவனம் வாடிக்கையாளர்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருந்தது என்றும் தீர்ப்பளித்தார். நிறுவனத்துக்குப் பொதுவாகக் கடன் கொடுத்தவர்கள் அவற்றைத் தொட முடியாமல் போயிற்று.

நியூயார்க், டெலவேர்: ஒப்பந்தமும் விலை நாளும்

சொத்து என்று ஏற்றாலும் அது யாருடைய சொத்து என்ற கேள்வி மிஞ்சுகிறது. கிரிப்டோ வைப்புக்கு வட்டி தந்த செல்சியஸ், 2022 ஜூன் 12 அன்று கணக்குகளை முடக்கி, ஜூலையில் திவால் மனு கொடுத்தது. வட்டிக் கணக்குகளில் இருந்த சுமார் 420 கோடி டாலர் நிறுவனத்துக்கே சொந்தம் என்று 2023 ஜனவரி 4 அன்று நீதிபதி மார்ட்டின் கிளென் தீர்ப்பளித்தார். வாடிக்கையாளர்கள் ஏற்ற பயன்பாட்டு விதிமுறைகளில் உரிமை மாற்றம் தெளிவாக எழுதப்பட்டிருந்தது என்பதே காரணம்.

2022 நவம்பர் 11 அன்று டெலவேரில் திவால் மனு கொடுத்த எப்டிஎக்ஸ் எக்ஸ்சேஞ்சின் வழக்கில் விலை நாளின் சிக்கல் மீண்டும் வந்தது. பிட்காயின் ஒன்று சுமார் 16,871 டாலர் என்று கணக்கிடப்பட்டது. 50,000 டாலருக்கு உட்பட்ட கோரிக்கைகளுக்குச் சுமார் 119 சதவீதம் கிடைக்கும் வகையில் திட்டம் அமைந்தது. ஆனால் 2025 பிப்ரவரியில் பணம் வரத் தொடங்கியபோது பிட்காயின் 90,000 டாலருக்கு மேல் விற்றது. ஏட்டில் முழுத் தொகைக்கும் மேல் பெற்றவரால், அந்தப் பணத்தைக் கொண்டு, தான் இழந்த பிட்காயினில் கால் பங்கைக்கூட வாங்க முடியவில்லை.

சிங்கப்பூரும் சென்னையும்

இந்தியர்களை நேரடியாகப் பாதித்தது வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சின் முடக்கம். 2024 ஜூலை 18 அன்று நடந்த திருட்டில் 23 கோடி டாலருக்கு மேல் பறிபோனது. சிங்கப்பூர்த் தாய் நிறுவனம் அங்குள்ள உயர் நீதிமன்றத்தை நாடி, இழப்பை எல்லாப் பயனாளர்களுக்கும் பகிரும் திட்டத்தை முன்வைத்தது. முதலில் மறுக்கப்பட்ட திட்டம், மறுவாக்கெடுப்புக்குப் பின் 2025 அக்டோபரில் ஒப்புதல் பெற்றது.

அதே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அளித்த உத்தரவு இந்த வரலாற்றில் தனி இடம் பெறுகிறது. முடக்கத்துக்கு ஆளான பயனாளர் ஒருவர், நடுவர் தீர்ப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்கீழ் இடைக்காலப் பாதுகாப்புக் கோரியிருந்தார். அவர் வைத்திருந்தவை எக்ஸ்ஆர்பி நாணயங்கள். திருடப்பட்டவை வேறு வகை. நடுவர் மன்றம் சிங்கப்பூருக்கு உரியது என்ற வாதத்தால் சென்னை நீதிமன்றத்தின் அதிகாரம் தடைபடவில்லை. கிரிப்டோ நாணயம் பருப்பொருளோ செலாவணியோ ஆகாவிட்டாலும், அனுபவிக்கவும் நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கவும் தக்க சொத்து என்று நீதிமன்றம் கூறியது. கிறைஸ்ட்சர்ச் தீர்ப்பையும், மெய்நிகர் மின்னணுச் சொத்துகளை வரையறுக்கும் இந்திய வருமான வரிச் சட்டப் பிரிவையும் அது துணைக்கு எடுத்துக்கொண்டது. டோக்கியோ 2015இல் மூடிய கதவு சென்னையில் திறந்தது.

ஜப்பான் கற்ற பாடம்

மவுண்ட் காக்ஸ் வீழ்ச்சிக்குப் பின் ஜப்பான் கட்டணச் சேவைச் சட்டத்தைத் திருத்தியது. 2017 ஏப்ரல் முதல் எக்ஸ்சேஞ்சுகள் பதிவு செய்ய வேண்டியிருந்தது. 2020 மே முதல் நடைமுறைக்கு வந்த அடுத்த திருத்தம், வாடிக்கையாளர் சொத்தைத் தனியே பிரித்து வைப்பதை மேலும் இறுக்கி, நிறுவனம் நொடித்தால் அதன்மீது வாடிக்கையாளருக்கு முன்னுரிமையும் தந்தது. பலன் எப்டிஎக்ஸ் வீழ்ச்சியில் தெரிந்தது. அதன் ஜப்பான் கிளையின் வாடிக்கையாளர்கள் 2023 பிப்ரவரியிலேயே தங்கள் சொத்தை எடுக்கத் தொடங்கினர். மூன்று மாதம்தான் ஆனது. அதே குழுமத்தின் பிற வாடிக்கையாளர்கள் அதன்பின் இரண்டு ஆண்டுகள் காத்திருந்தனர்.

முடிவுரை

தீர்ப்புகளின் போக்கு தெளிவு. கடன் என்ற நிலையிலிருந்து சொத்து என்ற நிலைக்கு அவை நகர்ந்திருக்கின்றன. ஆனால் முடக்கம் வந்தபின் நீதிமன்றம் தரும் அங்கீகாரம் தாமதமாகவே பயன் தருகிறது. ஒப்பந்தத்தின் ஒரு வரி அதைப் பறித்தும் விடுகிறது. முடங்கும் முன்பே சொத்தைப் பிரித்து வைத்த இடத்தில்தான் மீட்பு விரைந்தது. இந்தியா 2022 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி விதிக்கிறது. 2023 முதல் எக்ஸ்சேஞ்சுகளைப் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்திருக்கிறது. லாபத்தில் பங்கு கேட்கும் அரசுக்கு, முதலைக் காக்கும் கடமையும் உண்டு. வாடிக்கையாளர் நாணயங்களைத் தனியே வைக்க வேண்டும் என்பதையும், திருப்பித் தருவது நாணயமாகவே இருக்க வேண்டும் என்பதையும் பயன்பாட்டு விதிமுறைகளால் மீற முடியாதபடி சட்டமாக்குவது அதன் முதல் படியாக இருக்க வேண்டும்.