ஓசூரில் நின்றுபோகும் ரயில்

பெங்களூரு மெட்ரோ ஓசூருக்கு வருமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் செலவையும் இரு மாநில அரசியலையும் சுற்றியே வாதம் நடக்கிறது. இந்த வட்டாரத்தின் ரயில் வரலாற்றைப் புரட்டினால், அதிகம் பேசப்படாத இன்னொரு காரணம் தெரிகிறது. பாதையின் அளவு, வண்டியின் வகை ஆகியவற்றை, அடுத்த பாதையோடு அது எப்படிச் சேரும் என்று எண்ணாமலே முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த முடிவே பிறகு எல்லைச்சுவராக எழுந்து நிற்கிறது.

1876–78 பெரும்பஞ்சம் அன்றைய சேலம் மாவட்டத்தை வாட்டியது. அந்த நினைவில், பஞ்சக் காலத்தில் தானியம் போய்ச்சேர வேண்டும் என்று இரண்டு சிறு ரயில்பாதைகள் போடப்பட்டன. திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி பாதை 1905ல் திறக்கப்பட்டது. மொரப்பூர்–தருமபுரி பாதை 1906ல் தொடங்கி, 1913ல் ஓசூரை எட்டியது. இரண்டுமே 762 மில்லிமீட்டர் குறும்பாதைகள். சிக்கனம் அதில் இருந்தது. ஆனால் மொரப்பூரிலும் திருப்பத்தூரிலும் அவை சந்தித்த பெரிய பாதையின் அகலம் 1,676 மில்லிமீட்டர். ஒரு வண்டியின் மூட்டையை இறக்கி மற்றொன்றில் ஏற்றித்தான் ஆக வேண்டும். மறுமுனையில் பெங்களூரு 40 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தும், பாதை மைசூர் சமஸ்தானத்துக்குள் போகாமல் ஓசூரோடு நின்றது. இப்படி இரு முனையிலும் ஒட்டாத பாதை எப்படிப் பிழைக்கும்? இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1941ல், ஓசூர்ப் பாதை மூடப்பட்டது. 1960களின் இறுதியில் சேலம்–பெங்களூரு மீட்டர் பாதை வந்தது, 1990களில் அது அகலப்பாதையானது. பழைய பாதையை இழந்த கிருஷ்ணகிரிக்கோ மாவட்டத் தலைநகரான பின்னும் ரயில் இல்லை. இதற்கிடையே 1970களில் ஓசூருக்கு சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் ஆலைகள் எழுந்தன. ஓசூரின் தொழில் முழுக்க முழுக்க நெடுஞ்சாலையை நம்பியே வளர்ந்தது.

பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டு, ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 16 நிலையங்களோடு ஓடுகிறது. தூண்களும் நிலையங்களும் தயாரான பின்னும் அது நெடுநாள் சும்மா கிடந்தது, ஓட்ட ரயில்பெட்டிகள் இல்லாததால். சீனாவின் சிஆர்ஆர்சி நிறுவனத்துக்கு 2019ல் தரப்பட்ட ஒப்பந்தம் இழுபட்டது. பெரும்பாலான பெட்டிகளை மேற்கு வங்கத்தின் டிட்டாகர் ஆலை கட்டித் தர வேண்டியதாயிற்று. தடம் மூன்றே ரயில்களோடு தொடங்கி, 25 நிமிடத்துக்கு ஒரு வண்டி விட்டது. அந்தப் பொம்மசந்திராவிலிருந்து ஓசூருக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். ஆனால் பெங்களூரு ரயில்கள் பாதையோரம் ஓடும் மூன்றாம் தண்டவாளத்திலிருந்து 750 வோல்ட் நேர்மின்சாரம் எடுப்பவை. தமிழ்நாட்டுப் பக்கத்தைத் திட்டமிடும் சென்னை மெட்ரோவின் வழக்கமோ மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மாறுமின்சாரம். இந்த வேறுபாட்டைக் காட்டித்தான் இணைப்பு தொழில்நுட்ப ரீதியில் சாத்தியமில்லை என்று பெங்களூரு மெட்ரோ நிறுவனம் கருத்துத் தெரிவித்தது. நூறாண்டுக்கு முன் மொரப்பூரில் நடந்ததையே இது எனக்கு நினைவூட்டுகிறது.

மின்சார முறை மாறினால் ரயில் போகவே முடியாது என்பது சரியல்ல. லண்டனின் தேம்ஸ்லிங்க் ரயில்கள் இரு முறைகளிலும் ஓடுகின்றன. நகர நடுவே ஃபாரிங்டன் பக்கத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொள்கின்றன. அத்தகைய வண்டிக்குச் செலவு கூடும் என்பதும் உண்மையே. அதனால்தான் குருகிராம் அனுபவம் நமக்கு அதிகம் பயன்படும். அங்கே 750 வோல்ட் ரேபிட் மெட்ரோவும் 25,000 வோல்ட் டெல்லி மெட்ரோவும் சிக்கந்தர்பூரில் சந்திக்கின்றன. பயணி நடைமேம்பாலத்தில் நடந்து வண்டி மாறுகிறார். டெல்லி மெட்ரோவே மாநில எல்லை தாண்டி 2009ல் நொய்டாவுக்கும் 2010ல் குருகிராமுக்கும் போய்விட்டது.

ஏற்கெனவே ரயில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஓசூர் நிலையம் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தில்தான் உள்ளது. ஆனால் அந்தப் பாதை நெடுஞ்சாலையை விட்டு ஆனேக்கல் பக்கம் விலகுகிறது, அத்திப்பள்ளியைத் தொடுவதில்லை. தொலைதூர ரயில்கள் ஓடும் தடத்தில் ஷிப்ட் நேரத்துக்கு ஏற்ப அடிக்கடி வண்டி விடுவதும் கடினம். மெட்ரோ வந்தால் தொழில் ஓசூருக்கு ஓடிவிடும் என்ற கர்நாடகத்தின் அச்சத்தைப் பொருட்படுத்தாமல் விட முடியாது. ஆனால் மெட்ரோ இல்லாமலே நாற்பதாண்டுகளாக ஓசூரில் ஆலைகள் பெருகித்தான் வந்திருக்கின்றன. மெட்ரோ ஏற்றிச் செல்வது ஆட்களை, ஆலைகளை அல்ல. மஞ்சள் தடம் கடக்கும் எலக்ட்ரானிக் சிட்டியின் நெரிசல் குறைந்தால் முதலில் பலன் பெறுவது பெங்களூருதான்.

நிதியைப் பற்றிப் பேசுமுன் இரு அரசுகளும் மின்சாரத்தையும் வண்டியையும் முடிவு செய்ய வேண்டும். ஓசூர் வரை மூன்றாம் தண்டவாளமே போட்டால் மஞ்சள் தடத்தின் பெட்டிகளே எல்லை தாண்டலாம். தமிழ்நாட்டுப் பகுதி 25,000 வோல்ட்தான் என்றால், பயணி எதிர் நடைமேடைக்குச் சில அடி நடந்து மாறும்படி சந்திப்பு நிலையத்தை வரைபடத்திலேயே அமைத்துவிட வேண்டும். தூண் எழும்பிய பிறகு நடைமேடையை நகர்த்த வழியில்லை.